பாளையங்கோட்டையில இருந்தாக!

வீட்டுக்கு வீடு ஒரு பட்டாளத்துத் தாத்தா உண்டு. அவர் நிஜமாகவே பட்டாளத்தில் இருந்தாரா? மதுரைச் சீமையின் குடும்பக் கதைகளுக்குள் ஒரு தேடல்.

எங்கள் பூட்டனார் ஜெயிலுக்குப் போனவர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அப்பத்தா தன் மாமனாரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: “எங்க மாமா பாளையங்கோட்டையில இருந்தாக.” மதுரைப் பக்கம் இந்த வாக்கியத்துக்கு வேறு பொருள் கிடையாது. பாளையங்கோட்டை என்றால் மத்தியச் சிறை. என்ன வழக்கு, எத்தனை வருசம் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் யாராவது பழங்கதையைக் கிளறினால், சித்தப்பா சட்டென்று மழை தண்ணியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

சோழவந்தானுக்கு மேற்கே வைகைப் பாசனத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பூட்டனார் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். 1950களின் நடுவில் இறந்துபோனார். அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. எஞ்சியவை அப்பத்தாவின் நினைவில் இருந்த நான்கே சங்கதிகள்.

ஒன்று, அந்தப் பாளையங்கோட்டை. இரண்டு, ‘பொம்பாசா’ என்று அவர் அடிக்கடி சொன்ன ஓர் ஊர். “பம்பாயைத்தேன் அப்படிச் சொல்றாகன்னு நாங்க நெனச்சுக்கிருவோம்” என்பாள் அப்பத்தா. மூன்று, தேனீ. கொடிக்காலில் தேனீ இரைச்சல் கேட்டால் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு வரப்பேறிவிடுவாராம். துப்பாக்கிக்காரன் விரட்டினால்கூட நின்றுவிடுவேன், தேனீ விரட்டினால் நிற்கமாட்டேன் என்பாராம். நான்கு, ராஜா தலை போட்ட பெரிய வெள்ளிக் காசு ஒன்று. என் அப்பா பிறந்தபோது, தலைப்பேரன் என்ற சந்தோசத்தில், அதை ஆசாரியிடம் கொடுத்து அரைஞாண்கொடியில் சேர்த்துவிட்டார்.

இந்த நான்கையும் நாங்கள் ஒன்றாக வைத்துப் பார்த்ததே இல்லை. தேனீக் கதைக்குச் சிரிப்போம். பாளையங்கோட்டைக்கு மௌனமாவோம்.

படையின் பெயரில் ஓர் ஊர்

சில ஆண்டுகளுக்கு முன்பு வேறு எதற்காகவோ முதல் உலகப் போரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஆப்பிரிக்கப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படைகளின் பட்டியலில் ஒரு பெயர் கண்ணில் பட்டது: 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபென்ட்ரி.

பாளையங்கோட்டை ஒரு காலத்தில் கும்பினியாரின் பெரிய படைத்தளம். 18-ம் நூற்றாண்டில் திரட்டப்பட்ட பழைய மதராஸ் படைப்பிரிவு ஒன்று அந்த ஊர்ப் பெயரைத் தாங்கி நின்றது. பிறகு எந்த ஊரில் முகாமிட்டாலும் பெயர் மட்டும் மாறவில்லை. ஆக, அந்தக் காலத்து மனிதர் ஒருவர் “பாளையங்கோட்டையில் இருந்தேன்” என்றால் ஊரையும் சொல்லியிருக்கலாம், ஜெயிலையும் சொல்லியிருக்கலாம், பட்டாளத்தையும் சொல்லியிருக்கலாம்.

1914 நவம்பர் 2. இன்றைய தான்சானியாவில், அன்று ஜெர்மானியர் வசமிருந்த தாங்கா துறைமுகத்துக்கு எதிரே கப்பல்கள் வந்து நின்றன. இந்தியாவிலிருந்து வந்த சுமார் 8,000 பேர் கரையிறங்கினார்கள். எதிரே லெட்டோ ஃபோர்பெக் என்ற ஜெர்மன் தளபதியிடம் இருந்தவர்கள் ஏறத்தாழ 1,000 பேர். எண்ணிக்கையைப் பார்த்தால் ஒரு நாள் வேலை. ஆனால் வாரக்கணக்கில் கப்பலில் கிடந்து தலைசுற்றிப்போனவர்களை, முன்னே என்ன இருக்கிறது என்று உளவு பார்க்காமலே, புதரும் தோட்டமும் அடர்ந்த காட்டுக்குள் நடத்தினார் ஜெனரல் எயிட்கன். 63-வது படை நிலைகுலைந்து பின்வாங்கியது. அதற்குமேல் இன்னொரு கூத்து. குண்டுகள் பட்டுக் கலைந்த தேன்கூடுகளிலிருந்து தேனீக்கள் கிளம்பி ஆட்களை மொய்த்தன. ஜெர்மானியர்கள்தான் தேனீக்களைப் பழக்கி ஏவிவிட்டார்கள் என்று வதந்திகூடப் பரவியது. அந்தச் சண்டைக்கு ஆங்கிலத்தில் ‘தேனீக்களின் போர்’ என்று பட்டப்பெயரே உண்டு. நவம்பர் 5-ம் தேதி, துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் கரையில் போட்டுவிட்டுப் படை கப்பலேறியது.

கப்பல்கள் போய்ச் சேர்ந்த இடம் மொம்பாசா.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பொம்பாசா!

பெரிய சொல்லை விடு, சின்னச் சொல்லைப் பிடி

இங்கேதான் நிதானம் வேண்டும். பழங்கதையைத் துப்பறியப் போகிறவர் முதல் பொருத்தத்திலேயே மயங்கிவிடுவார். தேனீ எங்கள் ஊரிலும் கொட்டும். பாளையங்கோட்டையில் ஜெயிலும் உண்டு. தனித்தனியாக எடுத்தால் எதுவும் சாட்சி ஆகாது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று, நான்கு சங்கதிகள் ஒரே இடத்தைக் காட்டினால்தான் நம்பிக்கை பிறக்கும்.

மதுரை வட்டாரத்தில் ‘பட்டாளம்’ என்ற சொல்லே ஒரு பெரிய சாக்குமூட்டை. சிப்பாயாகப் போனவரும் பட்டாளத்தார்தான். சாலை போடவும் மூட்டை தூக்கவும் கூலிப் படையில் போனவரும் பட்டாளத்தார்தான். படையோடு சமையல்காரராக, சலவைக்காரராக, ஆஸ்பத்திரிச் சிப்பந்தியாகப் போனவருக்கும் ஊரில் அதே பெயர். மலபார் ஸ்பெஷல் போலீஸில் இருந்தவரைக்கூட ‘மிலிட்டரிக்காரர்’ என்றே ஊர் சொல்லியிருக்கும். அவர் வாங்கிய நிலம் ‘பட்டாளத்தான் தோட்டம்’, வீடு ‘மிலிட்டரிக்காரர் வீடு’. மூன்று தலைமுறை கழித்துப் பேரன்கள் கேட்கும்போது எல்லாரும் சுபேதாராக உயர்ந்திருப்பார்கள்.

குடும்பக் கதையில் முதலில் ஊதிப் பெருப்பது பதவியும் வீரமும். “வெள்ளைக்காரத் துரையைக் காப்பாத்துனாரு”, “தனியா நின்னு நாப்பது பேரைச் சுட்டாரு” என்பவை சொல்லச் சொல்ல வளர்பவை. மாறாமல் தங்குவது அர்த்தம் புரியாத துணுக்குகள். புரியாத ஊர்ப்பெயர், விசித்திரமான சாப்பாடு, ஒரு பூச்சி, ஒரு காய்ச்சல். இவற்றைக் கூட்டிச் சொல்லி யாருக்கும் லாபமில்லை. அதனால் யாரும் கூட்டுவதில்லை.

ஒரு பாட்டி “அவுக கூத்து ஊர்ல மாட்டிக்கிட்டு குதிரைக் கறி தின்னாகளாம்” என்றால் தெருக்கூத்தை நினைத்துச் சிரித்துவிடாதீர்கள். இன்றைய இராக்கில் டைகிரிஸ் ஆற்றங்கரையில் கூத் என்றே ஓர் ஊர் இருக்கிறது. 1915 டிசம்பரிலிருந்து 1916 ஏப்ரல் 29 வரை துருக்கியர் அந்த ஊரை வளைத்துக்கொண்டார்கள். உள்ளே சிக்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையும் படையோடு போன சிப்பந்திகளும் கடைசியில் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் அறுத்துத் தின்னும் நிலைக்கு வந்தார்கள். மதத்துக்கு ஆகாது என்று மறுத்துப் பட்டினி கிடந்த இந்தியர்கள் பலர். கதை சொல்லும் பாட்டிக்குக் கூத் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரியாததுதான் அந்தக் கதைக்குப் பலம்.

ட்ரங்குப் பெட்டியின் அடியில்

பேச்சுக்கு அடுத்தது பொருள். பரணில் கிடக்கும் தகரப் பெட்டியை இறக்குங்கள்.

முதல் உலகப் போரில் போர்முனைக்குச் சென்றவர்களுக்குப் போர் முடிந்தபின் பதக்கங்கள் வந்தன. அவற்றில் முக்கியமானது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். சிப்பாய்களுக்கு அது வெள்ளியில் வந்தது. இந்தியக் கூலிப் படையினருக்கு வெண்கலத்தில் வந்தது. பட்டாளத்தில் ஒருவர் துப்பாக்கி பிடித்தாரா, மண்வெட்டி பிடித்தாரா என்பதற்கு அந்த உலோகமே பதில் சொல்லும். இன்னும் முக்கியம் அதன் விளிம்பு. படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அந்த மெல்லிய ஓரத்தில் பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கவேண்டிய ஒற்றை வரி வரலாறு. பஞ்சகாலத்தில் வெள்ளிப் பதக்கம் அடகுக்கடைக்கோ ஆசாரியின் உலைக்கோ போனது பல குடும்பங்களில் நடந்ததுதான்.

இரண்டாம் உலகப் போர்க்காரர் என்றால் ரிப்பனைப் பாருங்கள். நடுவில் சிவப்பு, இருபுறமும் கருநீலம், நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு என்றால் பர்மா நட்சத்திரம். சிவப்பு, வெள்ளை, பச்சை கலந்திருந்தால் இத்தாலி. மணல் நிறம் என்றால் ஆப்பிரிக்கா. பதக்கம் தொலைந்து கந்தலாகத் துணி மட்டும் மிஞ்சியிருந்தாலும் அவர் எந்தக் கடல் தாண்டினார் என்று சொல்லிவிடலாம்.

போட்டோ இருந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தோள்பட்டையைப் பாருங்கள். பித்தளை எழுத்துகள் படைப்பிரிவின் பெயரைச் சுருக்கிச் சொல்லும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்கள், அதாவது பாலம் கட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது என்று படைக்கு வழி செய்து கொடுக்கும் பொறியாளர் பிரிவினர், உயரமான குல்லாவால் தனித்துத் தெரிவார்கள். ராணுவத்தில் இன்றும் அவர்களுக்கு ‘தம்பி’ என்றே செல்லப்பெயர். தமிழ்நாட்டிலிருந்து பெருவாரியாக ஆட்கள் சேர்ந்த பிரிவு இது. இத்தாலியில் 1944 பிப்ரவரி 24-ல் கண்ணிவெடி மேல் தானே விழுந்து சகாக்களைக் காப்பாற்றி, ஜார்ஜ் கிராஸ் விருதைப் பெற்ற முதல் இந்தியரான காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன் இந்தப் பிரிவைச் சேர்ந்தவர்.

வீட்டுப் பத்திரக் கட்டையும் விடாதீர்கள். போருக்குப் பின் முன்னாள் படைவீரர்களுக்கு அரசு நிலம் ஒப்படை செய்த வழக்கம் உண்டு. பழைய ஒப்படைப் பட்டாவில் ‘முன்னாள் படைவீரர்’ என்ற ஒரு சொல் இருந்தால், பத்து கதைகளைவிட அது பெறும்.

நிலக்கோட்டை தாலுகா, மதுரா ஜில்லா

அடுத்த முட்டுக்கட்டை, பெயர். நமக்கோ குடும்பப்பெயர் கிடையாது. கருப்பன், வீரன், முத்து, மாயாண்டி என்று ஊருக்கு இருபது பேர். அதை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா தன் காதுக்கு எட்டியபடி எழுதினார். கருப்பன் ‘கார்ப்பன்’ ஆனார், வீரணன் ‘வீரனா’ ஆனார். எனவே பெயரைத் தேடுவதைவிட அப்பா பெயரையும் ஊரையும் சேர்த்துத் தேடுவது பலன் தரும்.

ஊரிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இன்றைய மதுரை மாவட்டத்தை வைத்துத் தேடினால் வழுக்கி விழுவோம். அன்றைய பதிவேட்டில் அது ‘மதுரா’ ஜில்லா. திண்டுக்கல்லும் பழனியும் பெரியகுளமும் அதற்குள் இருந்தன. எங்கள் சோழவந்தான் நிலக்கோட்டை தாலுகாவில் இருந்தது. அந்த நிலக்கோட்டை இப்போது திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. திருப்புவனம், சிவகங்கை, அருப்புக்கோட்டைக்காரர்கள் 1910-ல் பிரிந்த இராமநாதபுரம் ஜில்லாவில் கிடப்பார்கள். சிவகங்கையும் விருதுநகரும் தனி மாவட்டங்களானது 1985-ல்தான், தேனி 1996-ல். தாத்தா நகரவில்லை, ஜில்லா நகர்ந்துவிட்டது.

காலக்கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். “1935-ல மெட்ராஸ் ரெஜிமென்ட்ல சேர்ந்தாரு” என்று ஒரு வீட்டில் சொன்னால் சற்றே சந்தேகப்படலாம். ‘போர்க்குணமுள்ள இனங்கள்’ என்று வடக்கத்தியர்களைப் பொறுக்கியெடுத்த வெள்ளை அதிகாரிகள், தெற்கத்தியர் சண்டைக்கு லாயக்கில்லை என்று எழுதிவைத்தார்கள். 1880களில் சென்னையில் படைத்தளபதியாக இருந்துவிட்டுப் பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியான ராபர்ட்ஸ் பிரபு இந்தக் கருத்தின் பெரும் பிரசாரகர். அதன் விளைவாக மதராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. முழுநேரக் காலாட்படையாக இருந்த கடைசிப் பிரிவும் 1928-ல் போயிற்று. இரண்டாம் உலகப் போர் நெருக்கியபோது, 1941-ல்தான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் சேர்ந்தவர் என்றால் பெரும்பாலும் சாப்பர்களிலோ வேறு துணைப் பிரிவிலோதான் இருந்திருப்பார். தேதி தவறாக இருக்கலாம், படை தவறாக இருக்கலாம். கதை முழுக்கப் பொய்யாக இருக்கவேண்டியதில்லை.

பாளையங்கோட்டைப் படையும் அந்தக் கழிவில் போனதுதான். முதல் போர் முடிந்தபின் நடந்த சீரமைப்பில் அதைக் கலைத்தார்கள். படை மறைந்த பிறகு அந்தப் பெயருக்கு ஜெயில் என்ற ஒரே பொருள் மிஞ்சியதில் ஆச்சரியமில்லை.

செத்தவருக்குப் பெயர் உண்டு

போரில் இறந்தவர்களைத் தேடுவது, திரும்பி வந்தவர்களைத் தேடுவதைவிடச் சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரங்களைக் கட்டணமின்றித் தேடும்படி வைத்திருக்கிறது. தமிழர் பெயர்கள் சிலவற்றுக்குப் பக்கத்தில் இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா என்றும் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்து கல்லறை இல்லாதவர்கள் யாங்கோன் அருகே தௌக்கியான் நினைவிடத்தில் இருக்கிறார்கள். அங்கே ஏறத்தாழ 27,000 பெயர்கள். மலேயா, சிங்கப்பூர்ப் பக்கம் காணாமல் போனவர்கள் கிராஞ்சியில். அங்கே 24,000க்கும் மேல். சென்னை நந்தம்பாக்கத்திலும் 1952-ல் அமைத்த போர்க் கல்லறை ஒன்று உண்டு.

ஆனால் இறந்தவர்களிலும் இரண்டு சாதி இருந்தது. இராக்கின் பஸ்ராவில் 1929-ல் திறந்த நினைவுச்சின்னம் 40,000க்கும் மேற்பட்டோருக்கானது. அதில் வெள்ளையர்களுக்குப் பெயர் வெட்டினார்கள். இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் கிடைத்தது. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ, இந்தப் படையில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். இப்படி ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், இன்னும் 1,16,000 பேருக்குக் குறையாமல் பெயரே பதியப்படாமல் விடுபட்டிருக்கலாம் என்றும் 2021-ல் அந்த ஆணையத்தின் விசாரணைக் குழுவே ஒப்புக்கொண்டது.

எங்கள் ஊருக்கு மேலே, அதே வைகைப் பள்ளத்தாக்கில், ஆண்டிபட்டி அருகே புலிமான்கோம்பை என்ற ஊர் இருக்கிறது. 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய தமிழ் பிராமி எழுத்து. மாட்டு மந்தையைக் கவரும் பூசலில் செத்துப்போன ஒரு மனிதனின் பெயர், சண்டை நடந்த ஊர், சண்டையின் காரணம் மூன்றையும் ஒரு சின்னக் கல்லில் வெட்டி நட்டிருக்கிறார்கள். பதக்கத்தின் விளிம்பில் நாம் தேடுவதும் இதைத்தான். வைகைக் கரை மேய்ச்சல்காரர்கள் தங்கள் ஆளுக்குச் செய்த மரியாதையைச் சூரியன் மறையாத சாம்ராஜ்யம் பஸ்ராவில் செய்யவில்லை.

தமிழ்நாட்டுப் பல ஊர்களில் இன்றும் சுவரில் பதித்த ஒரு கல்லைப் பார்க்கலாம். இந்தக் கிராமத்திலிருந்து 1914-19 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். பெயர்கள் இல்லை. வெள்ளையடித்து மறைத்திருப்பார்கள், சைக்கிளைச் சாய்த்திருப்பார்கள். உங்கள் ஊரில் அப்படியொரு கல் இருந்தால் அந்த எண்ணுக்குள் உங்கள் பூட்டனார் இருக்கக்கூடும்.

வாழைமர நோட்டு

வைகையின் வடிகால் பக்கம் போகப் போக, மானாமதுரை, சிவகங்கை, முதுகுளத்தூர் வட்டாரங்களில், கதையின் நிறம் மாறிவிடும். அங்கே “நேதாஜி கூட இருந்தாரு” என்பார்கள். நம்பத் தகாததும் அல்ல. பிழைக்க மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போன குடும்பங்கள் நிறைந்த பூமி அது. 1939 செப்டம்பரில் சுபாஷ் சந்திர போஸ் மதுரைக்கே வந்தார். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அவருடைய பார்வர்டு பிளாக்கின் தமிழகத் தூணாக இருந்தார். மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்து நேதாஜி ரோட்டின் பெயர் சும்மா வந்ததல்ல.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கைதானார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். 1943 ஜூலையில் போஸ் சிங்கப்பூர் வந்து தலைமையேற்ற பிறகு, தோட்டக்காட்டுத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அதனால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி: உங்கள் தாத்தா பிரிட்டிஷ் சிப்பாயாகப் போய் அந்தப் பக்கம் மாறினவரா, ரப்பர் தோட்டத்திலிருந்து நேரே போனவரா? தேடவேண்டிய காகிதம் இதற்கேற்ப மாறும்.

பெட்டியில் ஜப்பான் நோட்டு இருந்தால் உற்றுப் பாருங்கள். வாழைமரம் அச்சிட்ட 10 டாலர் நோட்டு மலேயாவுடையது; அதில் ‘எம்’ என்ற எழுத்து இருக்கும். ரூபாய்க் கணக்கில் ‘பி’ எழுத்தோடு இருந்தால் பர்மா. நோட்டு செல்லாது என்றாலும் தாத்தா எங்கே இருந்தார் என்பதற்கு அது செல்லும்.

போருக்குப் பின் பிடிபட்டவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று தரமாகப் பிரித்து விசாரித்தார்கள் ஆங்கிலேயர்கள். பிற்காலத்தில் 1972-ல் மத்திய அரசு தியாகிகள் பென்ஷனைக் கொண்டுவந்தது. 1980-ல் அதை விரிவாக்கியது. ஆறு மாதச் சிறைவாசத்துக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லாதவர் கூட இருந்த கைதியிடம் சான்றிதழ் வாங்கவேண்டும். இந்த விதிக்காகவே எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ முதியவர்கள் யாரையாவது பிடித்துத் தங்கள் கதையைத் தேதிவாரியாக எழுதவைத்தார்கள். பென்ஷன் கிடைத்ததோ இல்லையோ, அந்த மனுவின் நகல் வீட்டில் இருந்தால் அதுதான் அவருடைய சுயசரிதை. தேடுங்கள்.

தேடத் தொடங்குவோருக்கு

வீட்டில் மூத்த பெண்களிடம் முதலில் கேளுங்கள். மணியார்டர் வாங்கியதும், பென்ஷனுக்கு அலைந்ததும், பெட்டியைப் பூட்டி வைத்ததும் அவர்களே.

கேள்விக்குள் பதிலை வைக்காதீர்கள். “பர்மாவுக்குப் போனாரா?” என்றால் ஆமாம் என்றுதான் பதில் வரும். “எங்க போனாக, எதுல போனாக, என்ன சாப்பிட்டாக?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: கேட்டது, கண்ணால் பார்த்தது, நான் ஊகிப்பது. மூன்றாவதை முதலாவதில் எழுதிவிடாதீர்கள்.

படை எண் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ஆவணப்பிரிவு நீலகிரி வெலிங்டனிலும், சாப்பர்களுடையது பெங்களூரிலும் உள்ளன. பென்ஷன், உதவித்தொகை வாங்கியவர் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கோப்பு இருக்க வாய்ப்புண்டு. இந்திய தேசிய ராணுவக் கோப்புகளுக்கு டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம்.

சிவராத்திரி இரவு

எங்கள் பங்காளிகள் எல்லாரும் ஒன்றுகூடுவது மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில். கோயம்புத்தூர், சென்னை என்று சிதறிக் கிடப்பவர்கள் அன்று ஒருநாள் ஒரே புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். இதைவிடப் பெரிய ஆவணக் காப்பகம் ஏது? நான் அங்கே வைத்துத்தான் விசயத்தை உடைத்தேன். தாங்கா, மொம்பாசா, தேனீ எல்லாம் சொன்னேன். சித்தப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருசம் மழையைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்தவர். தம்பி மகன் ஒருவன் அப்போதே செல்போனை எடுத்து ஃப்ளெக்ஸ் கடைக்காரனுக்குப் போன் போட்டான். ‘முதல் உலகப் போர் மாவீரர்’ என்று பன்னிரண்டடி பேனர். பின்னணியில் பீரங்கி.

“பொறுடா. இன்னும் ரூசு ஆகல” என்றேன்.

ஒரு சந்தேகம் என்னை அரித்துக்கொண்டிருந்தது. அந்த வெள்ளிக் காசு. ஐந்தாம் ஜார்ஜ் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தது. அதை உருக்கி அரைஞாண்கொடி செய்வது ஊர் வழக்கம். எங்கள் பூட்டனார் உருக்கியதும் வெறும் ரூபாயாக இருந்தால்? போர்ப் பதக்கத்தின் முன்பக்கமும் அதே ராஜா தலைதான்.

அப்பத்தாவிடம் போனேன். படத்தைக் காட்டிக் கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்று செல்போனைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

“அப்பத்தா, அந்தக் காசு எம்புட்டுப் பெருசு இருக்கும்?”

“ரூவாயவிடப் பெருசுய்யா. மேல வளையம் மாதிரி ஒண்ணு இருந்துச்சு.”

“ஒரு பக்கம் ராஜா தலை. இன்னொரு பக்கம்?”

அப்பத்தா சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தொண்ணூறைத் தாண்டிய கிழவி வெட்கப்பட்டாள்.

“அத எதுக்குய்யா கேக்குற? ஒட்டுத் துணியில்லாம ஒரு ஆம்பள குதிரை மேல உக்காந்திருப்பான். நாங்க மருமக்கமாரெல்லாம் அதத் திருப்பித் திருப்பிப் பாத்துச் சிரிப்போம்.”

செல்போனை எடுத்துப் பதக்கத்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டேன். உடையில்லாத வீரன் ஒருவன், குதிரையின் காலடியில் எதிரியின் கேடயத்தையும் மண்டையோட்டையும் மிதிக்கவிட்டு அமர்ந்திருக்கிறான். ரூபாய்க் காசில் அப்படி எதுவும் கிடையாது. அது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். வெள்ளி. ஆகவே அவர் சிப்பாய்.

“ஓரத்துல எழுத்து இருந்துச்சா அப்பத்தா?”

“சுத்திவர இருந்துச்சு. என்னான்னு யாருக்குத் தெரியும்? உருக்குறதுதானேன்னு ஆசாரி ராவித் தள்ளிட்டாரு.”

எண், பெயர், படைப்பிரிவு மூன்றும் சோழவந்தான் உலை ஒன்றில் கரைந்து, என் அப்பாவின் இடுப்பில் இரண்டு வருசம் கிடந்திருக்கின்றன. நோட்டில் எழுதினேன். கேட்டது: துணியில்லாத ஆள், வளையம், ஓரத்தில் எழுத்து. பார்த்தது: ஒன்றுமில்லை. ஊகம்: 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபென்ட்ரி, தாங்கா, 1914. சிப்பாய் என்பது உறுதி. படையின் பெயர் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.

தம்பி மகன் விடவில்லை. “அப்ப பேனர் போட்டுரலாமா? மாவீரர்னு போடவா?” என்று அப்பத்தாவிடமே கேட்டான்.

அப்பத்தா யோசித்தாள். “போரு கதையெல்லாம் அவுக சொன்னதே இல்லையேப்பா” என்றாள். “தேனீ கதைதேன் சொன்னாக.”